நாடக நோட்டைப் பிரிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாடகம் எழுதி இயக்கியவர்கள் தம் கையால் ஒட்டிச் சேர்த்த ஸ்கிராப் புக்குகளை எப்படிக் காப்பாற்றுவது, காப்பகத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் அப்பா அமெச்சூர் குழு ஒன்றுக்கு நாடகம் எழுதி இயக்கியவர். விமரிசனம், நோட்டீஸ், டிக்கெட், போட்டோ, கடிதம் எல்லாவற்றையும் பழைய ஃபுல்ஸ்கேப் கணக்கு நோட்டு மூன்றில் ஒட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் 120 தாள். புரட்டினாலே ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது. எல்லாவற்றையும் பிரித்து, லாமினேட் செய்து, புது ஆல்பத்தில் தேதிவாரியாக அடுக்கிவிடலாம் என்கிறார் சித்தப்பா. செய்யலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். சித்தப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பத்திரிகையில் வந்த விமரிசனம் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களில் இன்னொரு பிரதியாகக் கிடைக்கக்கூடும். அதை எந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் உங்கள் அப்பா ஒட்டினார், எந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டார், ஓரத்தில் என்ன பதில் எழுதினார் என்பதெல்லாம் அந்த நோட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. காப்பகத்தார் நோட்டு முழுவதையும் ஒரே ஆவணமாகத்தான் பார்ப்பார்கள். அவர் தேதி மாற்றி ஒட்டியிருந்தால் அதுவும் அவர் எண்ணத்தின் ஒரு பகுதி. தேதிவாரிப் பட்டியல் தேவையென்றால் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

லாமினேஷனுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. தாளில் இருக்கும் அமிலமும் உள்ளேயே சிறைப்பட்டு வேலையைத் தொடரும். உங்கள் நோட்டு நொறுங்குவதற்குக் காரணமே அந்த அமிலம்தான். செய்தித்தாளும் மலிவான நோட்டுத் தாளும் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்தவை. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகிறது. மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் குங்கிலியமும் ஈரப்பதத்தில் அமிலமாகி நாரை அறுக்கின்றன. போனது திரும்பாது, போகும் வேகத்தைத்தான் குறைக்க முடியும்.

முதல் வேலை படம் எடுப்பது. சுத்தம் செய்வதுகூட அதற்குப் பிறகுதான். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், அதன் நூலில் நொறுங்கிய ஓரம் மாட்டிக் கிழியும். நோட்டை மேஜையில் தட்டையாக விரிக்காமல் இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை முட்டுக்கொடுங்கள். சுமார் 120 டிகிரிக்கு மேல் திறக்க வற்புறுத்தினால் பைண்டிங் விட்டுவிடும். முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, வரிசையாகப் படம் எடுங்கள். மடித்து ஒட்டிய நோட்டீஸ் இருந்தால் மூடியபடி ஒன்று, ஒவ்வொரு மடிப்பையும் திறந்து ஒவ்வொன்று. ஒன்றன்மேல் ஒன்றாகத் துண்டுகள் இருந்தால் மேலே உள்ளதைத் தூக்கி அடியில் உள்ளதையும் எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பிறகு பக்க எண். 2பி பென்சிலால், வெளி ஓரத்துக் கீழ்மூலையில், அழுத்தாமல் எழுதுங்கள். ஓரம் நொறுங்கும் இடமென்றால் சற்று உள்ளே தள்ளி எழுதலாம். பேனா கூடாது. தானாகக் கழன்று விழுந்த துண்டை மறுபடி ஒட்டாமல் ஒரு உறையில் போட்டு, "நோட்டு 2, பக்கம் 37, இடது மேல்" என்று உறையின் மேல் எழுதிய பிறகு துண்டை உள்ளே வையுங்கள். துண்டு உள்ளிருக்கும்போது எழுதினால் தடம் பதியும்.

பக்கங்களுக்கு இடையே அமிலமற்ற தாள் வைக்கலாம் என்று எங்கும் சொல்வார்கள். அளவறிந்து செய்யுங்கள். 80 ஜிஎஸ்எம் தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. 120 தாளுக்கும் இடையில் வைத்தால் நோட்டு 12 மி.மீ. பருத்து முதுகு வெடித்துவிடும். செய்தித்தாள் துண்டு ஒன்று போட்டோவையோ கையெழுத்துக் கடிதத்தையோ நேருக்கு நேர் தொடும் இடங்களில் மட்டும் மெல்லிய அமிலமற்ற டிஷ்யூ வைத்தால் போதும்.

கடைசியாகப் பெட்டி. நோட்டின் நீளம், அகலம், மிகத் தடித்த இடத்தின் உயரம் மூன்றையும் அளந்து, ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. கூட்டி, அமிலமற்ற அட்டையில் மூடியுள்ள பெட்டி செய்யச் சொல்லுங்கள். படுக்கவைத்துத்தான் வைக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெட்டிக்கு மேல் அடுக்காதீர்கள்.

கேள்வி: செல்லோடேப் பழுப்பாகி, சில இடங்களில் பிளாஸ்டிக் உதிர்ந்து, பசை மட்டும் பிசுபிசுக்கிறது. தின்னர் போட்டு எடுக்கலாமா? கிழிசலை எதால் ஒட்டுவது?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: தின்னர், பெட்ரோல், ஹேர் டிரையர் மூன்றையும் ஒதுக்குங்கள். டேப்பின் ரப்பர் பசை முதலில் பிசுபிசுத்து எண்ணெயாகத் தாளுக்குள் இறங்கும், பிறகு காய்ந்து பழுப்புக் கறையாகும். உங்களுடையது நடுக்கட்டத்தில் இருக்கிறது. தின்னர் ஊற்றினால் அந்தப் பசை கரைந்து இன்னும் பரவும், பால்பாயிண்ட் எழுத்தும் கூடவே ஓடும். உதிர்ந்த பிளாஸ்டிக்கை இடுக்கியால் எடுத்துவிடலாம். பிசுபிசுக்கும் இடத்துக்கு எதிரே சிலிகான் பூசிய தாள் ஒன்றை வையுங்கள், எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளாது. கறையை எடுப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

கிழிசலுக்கு ஜப்பானிய டிஷ்யூவும் (நீண்ட நாருள்ள, மெல்லிய உறுதியான தாள்) கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரி. மைதா வேண்டாம். அதில் குளூட்டன் புரதம் இருப்பதால் பசை காலப்போக்கில் மஞ்சளித்து முறுகும், பூச்சிக்கும் விருந்து. அந்தக் காலத்து நோட்டுகளில் பல மைதாப் பசையால் ஒட்டியவையே. போஸ்டர் ஒட்டுபவர்கள் மாதிரி அதில் மயில்துத்தம் கலந்திருந்தால் செம்பு தாளின் சிதைவை விரைவாக்கும். ஒட்டிய இடத்தின் பின்பக்கம் பச்சையோ பழுப்போ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பக்கங்களைத் தனியாகக் குறித்து வைத்தால் பழுதுபார்ப்பவருக்கு உதவும்.

பசை செய்முறை: ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர். அரை மணி ஊறவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 20 முதல் 30 நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போலாகி, அல்வா போலத் திரளும். ஆறியதும் இரண்டு முறை மெல்லிய வலையில் தேய்த்து வடிகட்டி, வேண்டிய அளவு மட்டும் தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குத் தளர்த்துங்கள். மூன்று நான்கு நாளில் புளித்துவிடும், மீதியைக் கொட்டிவிடுங்கள். டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டாமல் ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நன்றாகப் பிடிக்கும். கிழிசலின் இருபுறமும் 3 மி.மீ. ஏறினால் போதும். மேலும் கீழும் ஒட்டாத பாலியெஸ்டர் துணியும் மை ஒற்றும் தாளும் வைத்து, பாரம் ஏற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பழுப்பேறிய செய்தித்தாளில் ஈரம் பட்டால் அழுக்கு ஓரத்துக்கு நகர்ந்து கடல் அலை போல ஒரு கோடு விழும். அது போகாது. அங்கே பசையைத் தூரிகையில் எடுத்து ஒற்றுத் தாளில் தட்டி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில்தான் தடவ வேண்டும். முதலில் வீட்டிலிருக்கும் வேண்டாத பழைய செய்தித்தாளில் பத்து முறை பழகிப் பாருங்கள். ஃபெவிகால் வகைப் பசை காய்ந்தால் திரும்ப எடுப்பது மிகக் கடினம், அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: பழைய நாடக நோட்டீஸ்களில் கிழமையும் தேதியும் இருக்கிறது, வருடம் இல்லை. குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், சேலம்

பதில்: பெரும்பாலும் உண்டு. நோட்டீஸ் அச்சடித்தவருக்கு வருடம் தேவைப்படவில்லை, அடுத்த வாரம் நடக்கும் நாடகம்தானே. ஆனால் கிழமையே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. "ஆகஸ்ட் 15, ஞாயிறு மாலை" என்று மட்டும் இருக்கிறது, நாடகம் 1950க்கும் 1980க்கும் இடையில் நடந்தது என்பது நிச்சயம் என்று வைத்துக்கொள்வோம். அந்த முப்பது ஆண்டுகளில் ஆகஸ்ட் 15 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது நான்கே முறை: 1954, 1965, 1971, 1976. இனி டிக்கெட் விலையைப் பாருங்கள். அணாக் கணக்கில் இருந்தால் 1954, ஏனெனில் தசம நாணயம் 1957 ஏப்ரல் 1இல் வந்துவிட்டது. (நயா பைசா என்று அச்சிட்டிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலம். அப்போது இந்த நான்கில் எதுவும் பொருந்தாது, கிழமையைத் தப்பாகப் படித்துவிட்டோமா என்று மறுபடி பார்க்க வேண்டும்.) முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1976, ஏனெனில் அது 1972 ஆகஸ்ட் 15இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1965ஆ 1971ஆ என்று இழுபறியானால் மாநிலத்தின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். அரசு முத்திரையிலோ அலுவலகக் கடிதத்திலோ "தமிழ்நாடு" என்று இருந்தால் 1969 ஜனவரி 14க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பொதுமேடையில் அந்தப் பெயர் முன்பே புழங்கியது, ஆகையால் நோட்டீஸில் வரும் சொல்லை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

தமிழ் வருஷப் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். மேலே சொன்ன நான்கு ஆகஸ்டுகளும் முறையே ஜய, விசுவாவசு, விரோதகிருது, நள வருஷங்களில் வருகின்றன. வருஷம் சித்திரையில் மாறும் என்பதால் ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரையிலான நிகழ்ச்சிக்கு ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக் கணக்கிட மறந்துவிடக் கூடாது.

எழுத்து வடிவமும் பேசும். லை, னை, ணா, றா போன்ற 13 எழுத்துகளின் இன்றைய வடிவத்தை அரசு 1978இல் ஏற்றது. பெரியார் இயக்க அச்சுகளில் 1935 முதலே அது உண்டு. மற்ற அச்சகங்களின் நோட்டீஸில் புது வடிவம் இருந்தால் 1978ஐ ஒட்டியோ பிறகோ இருக்கலாம். பழைய வடிவம் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பழைய ஈய அச்சு தேயும்வரை வைத்து ஓட்டிய சிறு அச்சகங்கள் எத்தனையோ.

நாடகப் பிரதி கூடவே இருந்தால் முதல் பக்கத்தில் காவல்துறை அனுமதி முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிரதியைக் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது. 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் ரத்து செய்தது. எழுத்தாளரைத் தொல்லைப்படுத்திய அந்த முத்திரைத் தேதி இன்று நமக்கு மிக நம்பகமான சான்று.

எதைக் கண்டுபிடித்தாலும் நோட்டில் எழுதாதீர்கள். தனிப்பட்டியலில், "1971, கிழமையும் மாநிலப் பெயரும் கொண்டு ஊகித்தது" என்று காரணத்தோடு எழுதுங்கள். ஊகம் என்று சொல்லாமல் எழுதிய தேதி பத்து வருடத்தில் வரலாறாகிவிடும்.

கேள்வி: ஒட்டும் பக்கமும் பிளாஸ்டிக் மூடியும் உள்ள 1980களின் ஆல்பத்தில் ஒத்திகைப் படங்கள் இருக்கின்றன. மேடை வரைபடம், லைட்டுக்கு வைக்கும் வண்ண ஜெலட்டின் துண்டுகளும் கூடவே. எப்படிப் பிரிப்பது?
– வாசகி, கோவை

பதில்: இந்த வகை ஆல்பத்தை மட்டும் பிரிக்கலாம் என்போம், பக்கத்தின் பசையும் பிவிசி மூடியும் படத்தைக் கெடுப்பதால். பக்கத்தைப் படம் எடுத்த பிறகு, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுப்பது போல மெதுவாக இருபுறமும் இழுங்கள். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் நிறுத்திவிட வேண்டும். வளைத்துப் பிய்த்தால் மேல்பூச்சு வெடிக்கும். எடுத்ததை பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் வையுங்கள். 1970களுக்குப் பிந்தைய பிளாஸ்டிக் பூச்சுப் போட்டோத் தாளின் பின்புறம் பென்சில் ஏறாது, பால்பாயிண்ட் முன்பக்கம் புடைக்கும். ஆகவே விவரத்தை உறையில் எழுதுங்கள்.

ஜெலட்டின் துண்டுகள் ஈரக்காற்றில் இளகிச் சாயம் விடும். ஒவ்வொன்றையும் தனி பாலியெஸ்டர் உறையில் போட்டு, அதன் எண் எழுதிய சீட்டை மட்டும் பழைய இடத்தில் வையுங்கள். வரைபடம் நீலத்தாளில் வெள்ளைக் கோடாக இருந்தால் அது புளூபிரின்ட். அமிலம் போக்கச் சுண்ணாம்புச் சத்து சேர்த்த காப்பகத் தாளில் வைத்தால் நீலம் வெளுக்கும். அதற்குச் சத்து சேர்க்காத தாள் என்று கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: அந்துருண்டை போட்டும் ராமபாணப் பூச்சி போகவில்லை. வசம்பு நல்லதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்துருண்டையின் ஆவி மனிதருக்கும் நல்லதல்ல, எடுத்துவிடுங்கள். வசம்பை, வேப்பிலையைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைப்பதில் தவறில்லை. தாளுக்கிடையே வைத்தால் எண்ணெய்க் கறை விழும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையை அது கொல்லும் என்று நம்பியிருக்கக் கூடாது.

பூச்சி இருப்பது உறுதியானால் குளிர்தான் மருந்து. நோட்டை டிஷ்யூவில் சுற்றி, இரண்டு பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கவே கூடாது. அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வியர்த்துவிடும். கண்ணாடி நெகட்டிவ் இருந்தால் இந்த முறை வேண்டாம்.

பூச்சியும் பூஞ்சையும் திரும்பாமலிருக்க ஈரப்பதத்தைப் பாருங்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், 55ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். பகலில் ஏசி போட்டு இரவில் அணைப்பது, ஏசியே இல்லாமலிருப்பதைவிடக் கெடுதல். தாள் தினமும் சுருங்கி விரிந்து களைத்துவிடும். அலமாரி சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியிருக்கட்டும், வெளிச்சுவர் வேண்டாம்.

கேள்வி: போன் கேமரா போதுமா, ஸ்கேனர் வேண்டுமா?
– வாசகர், திருச்சி

பதில்: தட்டை ஸ்கேனரில் நோட்டைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு போய்விடும். மேலிருந்து எடுப்பதே நல்லது. 12 மெகாபிக்சல் போனில் 13.5 அங்குல உயரப் பக்கம் சட்டத்தை நிறைத்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 300 புள்ளி கிடைக்கும். படிக்கப் போதும். போட்டோக்களுக்கும் பென்சில் குறிப்புகளுக்கும் 400 முதல் 600 தேவை, அதற்கு நல்ல கேமராவும் ஸ்டாண்டும் வேண்டும். விளக்கு இரண்டு, இருபுறமும் 45 டிகிரியில். ஒரு அளவுகோல் சட்டத்துக்குள் தெரியட்டும். தாளை வெள்ளையாக்கும் ஸ்கேன் ஆப்பை நிறுத்திவிடுங்கள், மங்கிய பென்சிலை அது அழுக்கென்று துடைத்துவிடும்.

சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பில் 400 புள்ளியில் ஒரு ஃபுல்ஸ்கேப் பக்கம் சுமார் 55 எம்பி. 240 பக்க நோட்டு 13 ஜிபிக்கு மேல். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். கோப்புப் பெயரில் நோட்டு எண், பக்க எண், பட எண் மட்டும் போதும்: 02-037-1. நாடகப் பெயர், ஆட்கள் பெயர் எல்லாம் பட்டியலில். குழுவில் இன்று இருக்கும் மூத்தவர்களிடம் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேன் அடுத்த வருடமும் செய்யலாம்.

கேள்வி: காப்பகத்துக்குக் கொடுத்தால் உரிமை போய்விடுமா? சண்டைக் கடிதங்கள் சில உள்ளே இருக்கின்றன.
– வாசகர், புதுச்சேரி

பதில்: பொருளின் உடைமை வேறு, காப்புரிமை வேறு. நோட்டைக் கொடுத்தாலும், அவர் எழுதியவற்றின் உரிமை, எழுதிக் கொடுக்காதவரை, வாரிசுகளிடமே இருக்கும். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை அது உண்டு. அதேபோல அவருக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது, வாசகத்தின் உரிமை எழுதியவருடையது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே முதல் உரிமையாளர். லாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012 திருத்தம் இடம் தருகிறது. இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட அது போதாது.

கொடைப் பத்திரம் இல்லாமல் கைமாற்றாதீர்கள். எத்தனை நோட்டு, எத்தனை பக்கம், தளர்ந்த துண்டு எத்தனை, வாசகர் படி எடுக்கலாமா, இணையத்தில் போடலாமா, காப்பகம் வேண்டாமென்றால் யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். சண்டைக் கடிதத்தைக் கிழித்தெடுத்தால் அந்தப் பக்கத்தில் ஓட்டை தெரியும், ஊகம் கதையைவிட மோசமாகப் போகும். "இன்ன ஆண்டு வரை இந்தப் பக்கங்கள் மூடியிருக்கட்டும்" என்று பத்திரத்தில் எழுதுங்கள்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994இல் உருவானதே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரத்திலிருந்துதான். இத்தகைய இடங்களை அணுகும்போது நோட்டையே தூக்கிக்கொண்டு போகாமல், இரண்டு பக்க விவரமும் பத்துப் படங்களும் முதலில் அனுப்புங்கள். இடமும் வசதியும் பார்த்து அவர்கள் முடிவு சொல்வார்கள்.

கேள்வி: நோட்டைக் கைவிட மனமில்லை. பிரதி மட்டும் கொடுக்க முடியுமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: முடியும். உங்கள் நாட்டிலேயே 2005 முதல் 'நூலகம்' என்ற நிறுவனம் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருகிறது. 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஒரே பிரதியாக இருந்தவை எத்தனை போயின என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோட்டு உங்கள் வீட்டிலேயே பெட்டியில் இருக்கட்டும். படங்களும் பட்டியலும் அவர்களிடம் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, முதுகையும் ஓரத்தையும் பார்த்து, பார்த்த தேதியை மூடியின் உட்புறம் ஒட்டிய சீட்டில் பென்சிலால் எழுதி வையுங்கள்.